பண் வகுத்த பாடினியார்

(ஆவுடையார்கோவில் ஆத்மநாத சுவாமி திருக்கோயிலில் மார்கழித் திருவாதிரைப் பெருவிழாவின் ஆறாம் நாள் இரவு நிகழ்த்திய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்.

குருந்தமர நிழலில் குருவாய் எழுந்தருளி, வாதவூரரை ஆட்கொண்ட ஆத்மநாதப் பெருமானுடைய திருவடிகளையும், அருவாய் நின்று தவம்புரியும் யோகாம்பிகையின் திருவடிகளையும், மணிவாசகப் பெருந்தகையின் மலரடிகளையும் வணங்கித் தொடங்குகிறேன். 

திருப்பெருந்துறை என்னும் இத்தலத்தின் தனிச்சிறப்பை நீங்கள் அறிவீர்கள். வெளியூர் அன்பர்கள் சிலர் வந்திருப்பதால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். இங்கே கொடிமரம் இல்லை, நந்தி இல்லை, கருவறையில் இலிங்கத் திருமேனியும் கண்ணுக்குப் புலனாவதில்லை. காணக் கிடைப்பது ஆவுடையார் ஒன்றே. மற்றைத் தலங்களில் நாம் இலிங்கத்தைக் கண்டு கைகூப்புகிறோம். அதனைத் தாங்கி நிற்கும் ஆவுடையாரை எண்ணிப் பார்ப்பவர் எத்தனை பேர்? தாங்குவது சத்தி, தாங்கப்படுவது சிவம் என்று சாத்திரம் படித்தவர் சொல்வோம். சொல்லிவிட்டு மறந்தும் விடுவோம். அந்த மறதிக்கு மருந்தாகவே போலும், இத்தலத்தில் பெருமான் தான் மறைந்துகொண்டு தாங்கும் பொருளை மட்டும் நமக்குக் காட்டியருளுகிறான். ஊருக்கே அதனால்தான் ஆவுடையார்கோவில் என்று பெயர் வழங்குகிறது.

இன்றைக்கு எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு ‘திருமுறை கண்ட வரலாறு’ என்பது. அழைப்பிதழிலும் அவ்வாறே அச்சாகியிருக்கிறது. நாற்பது ஆண்டுகளாக நான் மேடைகளில் சொல்லிவரும் வரலாறு அது. ஆனால் இன்று அவ்வரலாற்றில் நான் நாற்பது ஆண்டுகளாக ஒரே வாக்கியத்தில் கடந்துபோன ஓர் இடத்தைப் பற்றி மட்டுமே பேசப் போகிறேன். அதற்குக் காரணமானவள் ஒரு சிறுமி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரில் இதே வரலாற்றைச் சொல்லி முடித்தேன். இராசராச மன்னன் திருமுறைகளைத் தேடியது, திருநாரையூர் நம்பியாண்டார் நம்பி பொல்லாப்பிள்ளையார் அருளால் ஏடுகள் தில்லையில் இருக்குமிடத்தை உணர்ந்து சொன்னது, மூவர் கையடையாளம் இட்ட அறை திறந்தது, புற்று மூடிக் கிடந்த ஏடுகளில் எண்ணெய் சொரிந்து எடுத்தது, செல்லரித்தவை போக எஞ்சியவற்றைத் தொகுத்தது எல்லாம் விரிவாகச் சொன்னேன். ‘பின்னர்த் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டு பண் வகுக்கச் செய்தார்கள்’ என்று முடித்து, வாழ்த்துப் பாடி இறங்கினேன். பள்ளிக்கூடத்துச் சிறுமி ஒருத்தி வந்து, “ஐயா, அந்த அம்மா பேரு என்ன?” என்று கேட்டாள்.

“புராணத்தில் பெயர் சொல்லப்படவில்லை, பாப்பா” என்றேன்.

“ராசா பேரு மட்டும் இருக்குதே” என்றாள்.

விபூதி கொடுத்து அனுப்பிவிட்டேன். விடை கொடுத்து அனுப்ப என்னால் இயலவில்லை. அன்றிரவு பேருந்தில் ஊர் திரும்பும்போது உறக்கம் வரவில்லை.

அன்பர்களே, அந்தப் பெண் செய்த காரியம் எத்தகையது என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். ஏடுகள் கிடைத்துவிட்டன. ஏட்டில் இருந்தவை எழுத்துகள். திருஞானசம்பந்தப் பிள்ளையார் வாழ்ந்தது 7-ஆம் நூற்றாண்டு. முதலாம் இராசராசன் அரசு செலுத்தியது 985 முதல் 1014 வரை. இடையே மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. எழுத்தைச் செல் அரித்தது கண்ணுக்குத் தெரிகிறது. ஓசையைக் காலம் அரித்தது கண்ணுக்குத் தெரியாது. தேவாரம் படிப்பதற்குரிய நூலாக மட்டும் நமக்குக் கிடைத்திருந்தால் அது எத்தகைய இழப்பாக இருந்திருக்கும்! பாட்டு இருக்கிறது, பாடும் வகை இல்லை. மன்னனும் நம்பியும் செய்வதறியாது, யாழ்ப்பாணர் பிறந்த பதியாகிய திருஎருக்கத்தம்புலியூருக்குச் சென்று வேண்டி நிற்கிறார்கள். இன்று விருத்தாசலத்தை அடுத்து இராசேந்திரப்பட்டினம் என்று வழங்கும் ஊர் அது. அங்கே அசரீரி எழுகிறது. யாழ்ப்பாணர் வழியில் வந்த பெண் ஒருத்திக்கு இசையை வாய்க்கச் செய்திருக்கிறோம் என்பது இறைவன் திருவாக்கு. அவளைத் தில்லைக்கு அழைத்து வருகிறார்கள். அம்பலவாணர் திருமுன்பில் அவள் பதிகங்களுக்குப் பண்ணும் கட்டளையும் அமைத்துக் கொடுக்கிறாள்.

இதனைத் ‘திருமுறைகண்ட புராணம்’ கூறுகிறது. உமாபதி சிவாசாரியார் அருளியதாக வழங்கும் சிறு நூல். எந்தப் பண்ணுக்கு எத்தனை கட்டளை என்பதை அது கணக்கிட்டே சொல்கிறது. நட்டபாடைக்கு 8 என்று தொடங்கி வரிசையாகக் கூறிச் செல்கிறது. கட்டளையின் எண்ணிக்கை இருக்கிறது. பண்ணின் பெயர் இருக்கிறது. மன்னன் பெயர், நம்பியின் பெயர், ஊரின் பெயர், அவளுடைய முன்னோர் பெயர் எல்லாம் இருக்கின்றன. அவள் மட்டும் ‘ஒருத்தி’.

இதில் வியப்பு ஒன்று உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் சென்றவர்கள் மதிற்சுவரில் நீண்ட கல்வெட்டுகளைக் கண்டிருப்பீர்கள். இராசராசனது 29-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, பல ஊர்த் தளிகளிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியலைத் தருகிறது. ஒவ்வொருத்தியும் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தளிச்சேரியில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீட்டில் குடியிருக்கிறாள் என்பதும், ‘நக்கன்’ என்னும் முன்னொட்டோடு அவள் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. ஒருத்திக்குப் பங்கு ஒன்று. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆடிய 400 பெண்களின் வீட்டு இலக்கம் நமக்குத் தெரிகிறது. அத்தனை துல்லியமாக எழுதுவித்த மன்னன் காலத்தில்தான் நமது பாடினியாரும் வாழ்ந்தார் என்று புராணம் சொல்கிறது. மன்னன்மேல் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. புராணம் எழுதப்பெற்ற 14-ஆம் நூற்றாண்டுக்குள் மூன்று நூறாண்டுகள் கடந்துவிட்டன. வாய்வழி வந்த செய்தியில் பெயர் முன்னமே உதிர்ந்துபோயிருக்கலாம். கல்லில் எழுதப்பட்டவள் நின்றாள். சொல்லில் விடப்பட்டவள் போனாள்.

‘அவள் புதிதாக ஒன்றும் இயற்றவில்லையே, நாயன்மார் பாடிய பண்ணை நினைவிலிருந்து சொன்னாள், அவ்வளவுதானே’ என்று கேட்பவர் உண்டு. புலவர் ஒருவரே என்னிடம் அவ்வாறு கேட்டார். நான் அவருக்குச் சொன்ன விடை இது. எண்ணூற்றை ஒட்டிய பதிகங்கள். இருபதுக்கு மேற்பட்ட பண்கள். நட்டபாடை இன்று நாட்டையாகவும், தக்கேசி காம்போதியாகவும், மேகராகக் குறிஞ்சி நீலாம்பரியாகவும் ஓதுவார் வாயில் வழங்குகின்றன. ஒரு பதிகத்தின் ஓசையைக் கண்டு, சீரின் அளவைக் கண்டு, இது இன்ன கட்டளையில் நடக்கும் என்று தீர்மானிப்பது நினைவாற்றலால் மட்டும் முடிவதன்று. வீணையை எடுத்து வைத்துக்கொண்டு முயன்று பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். உயிர் நீங்கிய உடம்பில் உயிரை மீட்டு வைப்பவளைப் பெற்றவளுக்கு அடுத்தபடியாகவாவது வைக்க வேண்டாமா? புலவர் மறுமொழி சொல்லவில்லை. ஒப்புக்கொண்டாரா என்பது எனக்குத் தெரியாது.

அந்த இசை அவளுக்கு எங்கிருந்து வந்தது? இறைவன் அளித்தான் என்கிறது புராணம். இறைவன் அளிப்பதற்கும் ஒரு வாயில் வேண்டுமன்றோ? திருநீலகண்ட யாழ்ப்பாணர் வரலாற்றைச் சேக்கிழார் வாக்கில் கற்றவர்கள் அவர் தனியே வரவில்லை என்பதை அறிவர். மதங்கசூளாமணியார் என்னும் அவருடைய மனைவியார் உடன் வருகிறார். பிள்ளையார் பதிகம் பாட, பாணர் யாழில் இட, விறலியார் மிடற்றில் பாடுகிறார். சாத்தமங்கையில் திருநீலநக்க நாயனார் மனையில் நிகழ்ந்ததை நினைவுகூருங்கள். பாணரும் விறலியாரும் தங்க இடம் அளிக்குமாறு பிள்ளையார் பணிக்கிறார். நீலநக்கர் மனையின் நடுவில், வேள்வித் தீ வளர்க்கும் வேதிகையின் அருகே இடம் அளிக்கிறார். வேதிகைத் தீ தாழவில்லை. முன்னினும் ஓங்கி வலமாகச் சுழித்து எழுந்தது என்கிறார் சேக்கிழார். இதனைத் தீண்டாமைக்கு எதிரான சான்றாக நாம் மேடைகளில் சொல்வது வழக்கம்; சொல்லவும் வேண்டும். அந்தத் தீயின் அருகே துயின்ற இருவரில் ஒருவர் பெண் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதே என் விண்ணப்பம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எருக்கத்தம்புலியூர்ப் பெண் தில்லையில் பாடியது தன் குலத்துத் தாயர் வழிவழியாகப் பாடிவந்ததாகவே இருக்கும் என்பது என் துணிபு.

இன்னும் ஒருவரைச் சொல்கிறேன். அறுபத்துமூவரில் பெண்கள் மூவர். காரைக்கால் அம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார். இசைஞானியார் சுந்தரமூர்த்தி சுவாமிகளின் தாயார். திருவாரூர்க் கல்வெட்டு ஒன்று அவரை அவ்வூர் ஞானசிவாசாரியாரின் மகளார் என்று சொல்கிறது. பெரியபுராணத்தில் அவருக்கு உரியது ஒரே பாட்டு. பெயரோ ‘இசைஞானி’. இசை என்பதற்குப் புகழ் என்றும் பொருள் உண்டு. ஆயினும், ஏழிசையாய் இறைவனைக் கண்டு பாடிய பிள்ளையைப் பெற்றவருக்கு அப்பெயர் வாய்த்தது வெறும் புகழ்ச்சிச் சொல்லாகவா இருக்கும்? அவர் பாடினாரா? பாடியது ஒன்றும் நம் கைக்கு வரவில்லை. மகன் பாடியது ஏழாம் திருமுறை. தாய் தாலாட்டியது எந்தத் திருமுறையிலும் இல்லை.

காரைக்கால் அம்மையார் ஒருவர்தாம் தப்பிப் பிழைத்தவர். எப்படித் தப்பினார் என்று பாருங்கள். புனிதவதி என்று பெற்றோர் இட்ட பெயரை அவர் தமது பாட்டில் வைக்கவில்லை. ‘காரைக்காற் பேய்’ என்று தாமே தமக்குப் பெயரிட்டுக்கொண்டு, பதிகத்தின் கடைசிப் பாட்டில் முத்திரையாகப் பதித்துவிட்டார். பாட்டைப் பாட வேண்டுமானால் அவர் பெயரையும் சொல்லியே ஆக வேண்டும்! சம்பந்தரும் சுந்தரரும் திருக்கடைக்காப்பில் தம் பெயர் வைத்துப் பாடும் மரபுக்கும் பதிகம் என்னும் அமைப்புக்கும் அவரே முன்னோடி. அதனாலன்றோ ‘மூத்த திருப்பதிகம்’ என்று பெயர் வழங்குகிறது. அற்புதத் திருவந்தாதி 101, திருவிரட்டை மணிமாலை 20, மூத்த திருப்பதிகங்கள் இரண்டில் 22, ஆக 143 பாட்டுகள் பதினொராந் திருமுறையில் உள்ளன.

அவரை நாம் மறக்கவில்லையே என்பீர்கள். மாங்கனியை மறக்கவில்லை. தலையால் நடந்ததை மறக்கவில்லை. அம்மையே என்று இறைவன் அழைத்ததை மறக்கவில்லை. அவர் இசைப் புலவர் என்பதை மறந்தோம். திருவாலங்காட்டுப் பதிகம் ஒன்றுக்கு நட்டபாடை, மற்றொன்றுக்கு இந்தளம் என்று பண் குறிக்கப்பட்டிருக்கிறது. பதிகத்துக்கு உள்ளே ஒரு பாட்டில் துத்தம், விளரி, தாரம், உழை, இளி என்று நரம்புகளின் பெயர்களை எடுத்துச் சொல்லி, தக்கை, கொக்கரை, தமருகம், குடமுழா முதலாகப் பத்துக்கு மேற்பட்ட கருவிகளையும் அடுக்குகிறார். சுடுகாட்டில் பேய் ஆடும் கூத்துக்கு இத்தனை இலக்கணமா என்று திகைக்க வைக்கும் பாட்டு அது. கதாகாலட்சேபத்தில் மாங்கனிக்கு ஒரு மணி நேரமும் மூத்த திருப்பதிகத்துக்கு ஐந்து நிமிடமும் ஒதுக்குகிறோம். அடியேனும் அவ்வாறு செய்தவனே.

கடல் கடந்த நாட்டிலும் இதே கதைதான் என்று இசை பயின்ற அன்பர் ஒருவர் எனக்குச் சொன்னார். ஜெர்மனி தேசத்தில் பேனி மெண்டல்சன் என்னும் அம்மையார் ஒருவர் இருந்தார்; 1805-இல் பிறந்து 1847-இல் மறைந்தவர். அவர் தம்பி பெலிக்ஸ் உலகப் புகழ் பெற்றவர். தமக்கையின் பாடல்கள் சில தம்பியின் பெயரிலேயே அச்சாயின. 1842-இல் விக்டோரியா மகாராணி அரண்மனையில் தம்பியின் புத்தகத்தைத் திறந்து, தமக்கு மிக விருப்பமான பாடல் என்று ஒன்றைப் பாடினார். ‘அது என் தமக்கை இயற்றியது’ என்று தம்பி ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. நல்ல மனிதர்; ஒப்புக்கொண்டார். பின்னாளில் கிடைத்த ஓர் இசை ஏட்டில் பெயரின் முதலெழுத்து மட்டுமே இருந்ததாம். இருவருக்கும் முதலெழுத்து ஒன்றே. தம்பியுடையது என்று உலகம் தீர்மானித்துவிட்டது. 2010-இல்தான் அது தமக்கையின் ஈஸ்டர் சொனாட்டா என்று ஆராய்ந்து நிறுவினார்கள். பெயர் எழுதாத ஏடு எந்த நாட்டிலும் ஆணின் கணக்கில்தான் சேர்கிறது.

இனி நம் தலத்துக்கு வருவோம்.

திருவாசகத்தில் 51 பகுதிகள். அவற்றில் திருவெம்பாவை, திருவம்மானை, திருப்பொற்சுண்ணம், திருக்கோத்தும்பி, திருத்தெள்ளேணம், திருச்சாழல், திருப்பூவல்லி, திருவுந்தியார், திருத்தோணோக்கம், திருப்பொன்னூசல், அன்னைப்பத்து ஆகியவற்றை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். இவையெல்லாம் யாருடைய பாட்டு? மணிவாசகப் பெருமான் பாண்டியனுக்கு அமைச்சர். குதிரை வாங்கப் பொன்னோடு வந்தவர். அம்மானைக் காய் ஆடியவர் அல்லர். உரலில் சுண்ணம் இடித்தவர் அல்லர். ஊஞ்சலில் இருந்து உந்தியவர் அல்லர். பூக்கொய்து வல்லி பாடியவர் அல்லர். அவை நம் வீட்டுப் பெண்கள் ஆடியும் வேலைசெய்தும் பாடிய பாட்டுகளின் மெட்டுகள். உலக்கை விழும் தாளம், காய் எழுந்து கையில் விழும் தாளம், ஊசல் போய் மீளும் தாளம். பெருமான் அந்த மெட்டுகளில் ஞானத்தை வைத்தார். ஞானம் அவருடையது, ஐயமில்லை. மெட்டுக்கு உரியவள் யார்? உலக்கையை முதன்முதலில் பாட்டோடு ஓங்கியவள் யார்? அவள் பாடிய சொற்கள் காற்றோடு போயின; அவளுடைய ஓசை மட்டும் திருவாசகத்துக்குள் புகுந்துகொண்டு பிழைத்திருக்கிறது.

திருச்சாழல் இருவர் எதிரெதிர் நின்று வினாவும் விடையுமாகப் பாடும் மகளிர் விளையாட்டு. தில்லையில் புத்தர்கள் கேட்ட வினாக்களுக்கு, பிறவி ஊமையாகிய ஈழத்தரசன் மகள் வாய் திறந்து விடை சொன்னாள் என்றும், அவையே சாழலாகப் பாடப்பெற்றன என்றும் வாதவூரர் வரலாறு சொல்லும். அறிஞர் சபையில் வாதம் முடிக்கப் பெருமானுக்கு எத்தனையோ புலவர் இருந்திருக்க, ஊமைப் பெண்ணின் வாயையன்றோ தேர்ந்தெடுத்தார்! அவளும் ஈழத்தரசன் மகள் என்றே அறியப்படுகிறாள்.

சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் திருவெம்பாவை பாடும் உரிமை தேவரடியார்க்கு இருந்த செய்தி உண்டு. கோயிலில் பாடுதல் பெண்ணுக்கு உரிமையாகவே இருந்த காலம் அது. அந்த மரபு பின்னாளில் எவ்வாறு சீரழிந்தது, சிறுமியர் எவ்வளவு துன்புற்றார்கள் என்பதை இந்தச் சபையில் விரிக்க வேண்டியதில்லை. 1947-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு முடிவு கட்டியது, கட்டியது தக்கதே. கொடுமையோடு சேர்ந்து பாட்டும் கோயிலை விட்டு வெளியேறியது. மீண்டும் நுழைய நெடுங்காலம் ஆயிற்று. 2021 ஆகஸ்டில் சென்னையை அடுத்த மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் திருக்கோயிலில் ஒரு பெண் ஓதுவார் நியமனம் பெற்றார். அவர் பெயர் கோயிற் பதிவேட்டில் இருக்கிறது. எருக்கத்தம்புலியூரார்க்கு வாய்க்காதது அது.

ஆவுடை என்று பெயர் சொன்னவுடன் எனக்கு வேறொருவரும் நினைவுக்கு வருகிறார். செங்கோட்டை ஆவுடை அக்காள். இளமையிலேயே கணவனை இழந்து, மூலையில் அமர்த்தப்பட்ட பெண். திருவிசநல்லூர் ஸ்ரீதர வேங்கடேச ஐயாவாளிடம் உபதேசம் பெற்று, வேதாந்தப் பொருளைக் கும்மியாகவும் பள்ளாகவும் கப்பல் பாட்டாகவும் பாடியவர். அவர் கொள்கை அத்துவிதம். நமது சித்தாந்தத்தோடு அது முழுதும் பொருந்தாது. இந்த மேடையில் அவரைச் சொல்வது தகுமா என்று எண்ணித்தான் சொல்கிறேன். பாட்டைக் காத்தவர்கள் யார் என்று கேட்டால் தகும் என்பீர்கள். அவரைப்போலவே கணவனை இழந்து, நல்ல காரியங்களில் முன்னே வரக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட திருநெல்வேலிச் சீமைப் பெண்கள், அரிசி புடைக்கும்போதும் பின்கட்டில் அமர்ந்திருக்கும்போதும் ஒருவர்க்கொருவர் சொல்லிச் சொல்லிக் காத்தார்கள். 2002-இல் ஞானானந்த நிகேதன் பெருந்தொகுதியாக அச்சிட்டது. ஆதீனம் இல்லை, மானியம் இல்லை, ஏடு எழுதக் கணக்கப்பிள்ளை இல்லை; இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பாட்டு நின்றது. நம் சைவக் குடும்பங்களின் பின்கட்டில் என்னென்ன பாட்டுகள் இருந்தன? யார் எழுதி வைத்தோம்?

இந்தக் கேள்வியைப் பிறரை நோக்கிக் கேட்க எனக்கு உரிமை குறைவு. இதுவரை எந்த மேடையிலும் சொல்லாத ஒன்றை இன்று சொல்கிறேன்.

என்னைப் பெற்ற தாயார் எழுதப் படிக்க அறியாதவர். பெயர் கையெழுத்திடவும் தெரியாது. யோகாம்பிகை மேல் அவருக்கு அளவிறந்த பக்தி. அம்மையின் திருவுருவம் காண முடியாதாகையால், பலகணியின் துளை வழியே திருவடியைப் பார்த்துவிட்டு வந்து, அதையே பாட்டாகப் பாடுவார். மார்கழியில் கோலமிட்டுக்கொண்டே பாடுவார். திருவாதிரைக் களிக்கு அரிசி வறுக்கும்போது பாடுவார். கும்மி மெட்டு. யாரிடம் கற்றார் என்று அயலார் கேட்டால், ‘யாரு சொல்லிக் குடுத்தா, அதுவா வருது’ என்பார். ஒரு பாட்டு அன்று. ஆண்டுதோறும் சில கண்ணிகள் சேர்ந்துகொண்டே போகும்.

எனக்கு அப்போது 18 வயது. யாப்பருங்கலக் காரிகையும் தேவாரமும் பாடங்கேட்டுவிட்டு விடுமுறைக்கு வீடு வந்திருந்தேன். கற்றது கொஞ்சம், செருக்கு அதிகம். அதிகாலையில் வாசலில் அம்மா பாடுவது கேட்டது. திண்ணையில் அமர்ந்து இரண்டு கண்ணிகள் கேட்டேன். “அம்மா, இதில் தளை தட்டுகிறது. மூன்றாம் அடியில் எதுகையும் இல்லை. இதைப் பாட்டு என்று சொல்லக்கூடாது” என்றேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தார். “அப்படியா தம்பி” என்று சிரித்தார். கோலத்தை முடித்துவிட்டு உள்ளே போனார்.

அதன்பின் நான் வீட்டில் இருக்கும்போது அவர் பாடியதே இல்லை. நான் வெளியூர் போயிருக்கும் நாட்களில் பாடுவார் என்று என் தமக்கையார் பிற்காலத்தில் சொன்னார். நான் தெருவில் வருவது தெரிந்தால் நிறுத்திவிடுவாராம். கோபத்தால் அன்று, பிள்ளை படித்தவன், அவன் முன்னிலையில் தப்பாகப் பாடலாமா என்னும் கூச்சத்தால். அம்மா சிவபதம் அடைந்த பிறகு, ஒருநாள் அந்தப் பாட்டை எழுதி வைக்கலாம் என்று தமக்கையாரும் நானும் உட்கார்ந்தோம். அவருக்கு ஐந்தாறு கண்ணிகள் நினைவிருந்தன. எனக்கு மெட்டு நினைவிருந்தது. சொற்கள் ஒன்றும் இல்லை. தளை தட்டிய அந்த இடம் கூட நினைவில் இல்லை.

காரிகையின் இலக்கணப்படி நான் சொன்னது சரியே. கும்மியைக் காரிகை கொண்டு அளக்கக்கூடாது என்பது பின்னர் நானே பாடம் சொல்லும் காலத்தில்தான் எனக்கு விளங்கிற்று. ஓசையூட்டிப் பாடினால் குறைந்த அசையை மிடறு நீட்டி நிரப்பிக்கொள்ளும். எருக்கத்தம்புலியூர்ப் பெண் தில்லையில் செய்த வேலையும் அதுதானே! எழுத்தில் குறைவாகத் தோன்றுவதை இசையில் நிறைவாக்கிக் காட்டினாள். அவள் வீட்டிலும் என்னைப்போல் ஒரு படித்த பிள்ளை பிறந்து வாயை அடைத்திருந்தால், தேவாரம் இன்று ஊமையாக இருந்திருக்கும். அச்சிறுமி “பேரு என்ன?” என்று கேட்டபோது பேருந்தில் எனக்கு உறக்கம் வராததன் காரணம் இதுவே.

அன்பர்களே, இத்தலத்தில் ஆத்மநாதருக்கு நிவேதனம் எப்படி நடக்கிறது என்பதை நாள்தோறும் பார்க்கிறீர்கள். புழுங்கலரிசிச் சோற்றை வடித்துச் சூட்டோடு படைகல்லில் கொட்டிப் பரப்புகிறார்கள். கீரையும் பாகற்காயும் உடன் வைக்கிறார்கள். பெருமானுக்கு உரியது எழும் ஆவி மட்டுமே. சோறு இருக்கும்; ஆவி போய்விடும். போன ஆவியைப் பெருமான் ஏற்றுக்கொள்கிறான் என்பது நம் நம்பிக்கை. அம்மா பாடியதும் அவ்வாறே ஏற்கப்பட்டிருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொள்வதுண்டு. ஆனால் அது பெருமானுக்கும் அம்மாவுக்கும் இடையே உள்ள கணக்கு. என் கணக்கு அதனால் தீர்வதில்லை.

ஆகவே ஒன்று செய்ய எண்ணியிருக்கிறேன். விழா முடிய இன்னும் நான்கு நாட்கள் இருக்கின்றன. நாளை காலை திருப்பள்ளியெழுச்சியும் திருவெம்பாவையும் நிறைவேறிய பின், மணிவாசகப் பெருமான் திருவீதி எழுந்தருளும் வரை வெளிமண்டபத்தில் கிழக்குப் பார்த்த தூண் ஓரமாக ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். என் தமக்கையார் பேத்தியும் உடனிருப்பாள். பாட்டை ஒலிப்பதிவு செய்யும் கருவி அவளிடம் இருக்கிறது, அதனை இயக்கும் திறம் எனக்கு இல்லை. உங்கள் தாயார், பாட்டியார், மாமியார், அத்தையார் பாடிய கும்மி, தாலாட்டு, அம்மானை, நலுங்கு, ஒப்பாரி எதுவாயினும் வந்து பாடுங்கள். ஒரு கண்ணிதான் நினைவிருக்கிறதா, அதனைப் பாடுங்கள். சொல் மறந்து மெட்டு மட்டும் இருந்தால் மெட்டைப் பாடுங்கள். தளை பார்க்க மாட்டேன். எதுகை கேட்க மாட்டேன். முதலில் அவர்கள் பெயரைச் சொல்லுங்கள். பெயரை எழுதிக்கொண்ட பிறகுதான் பாட்டை எழுதுவேன்.

முதல் பக்கத்தில் என் தாயார் பெயரையும், தமக்கையார் சொன்ன ஐந்து கண்ணிகளையும் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். இரண்டாம் பக்கம் முதல் வெறுமையாக இருக்கிறது.

திருச்சிற்றம்பலம்.